யானைப் பரிசிலும் வாசிப்பாளர் சம்பளமும்

கண்ணொளி இல்லாத ஒரு வித்துவானுக்கு யாழ்ப்பாணத்திலே வழங்கப்பட்ட முதற் பரிசில் எது என்று யாரேனும் என்னைக் கேட்டால், அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்குப் பரராசசேகர மன்னன் கொடுத்ததாக நமது இலக்கிய மரபு சொல்லிவருகின்ற யானையைத்தான் நான் காட்டுவேன். தொண்டை நாட்டிற் பிறந்து, பார்வையின்றியே வளர்ந்து, எழுத்துக்களைத் தம் முதுகிலே எழுதச்செய்து அந்த ஸ்பரிசத்தினாலேயே அவற்றைக் கற்றுக்கொண்டவர் என்று சொல்லப்படுபவரும், திருக்கழுக்குன்றப் புராணமும் திருவாரூர் உலாவும் பாடியவருமாகிய அக்கவிஞர், கடல் கடந்து இவ்வூருக்கு வந்து, அரசவையிலே பாடி, யானையும் வேறு வரிசைகளும் பெற்று மீண்டாராம். இதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கர்ணபரம்பரை என்ற ஆராய்ச்சியைப் பண்டிதர்களிடம் விட்டுவிடுவோம். எனக்குத் தோன்றும் ஐயம் வேறு. அந்த யானையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார்? அதற்குத் தீனி போட்டது யார்? எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு ஏடு வாசித்துக் காட்டவும், அவர் சொல்லச் சொல்ல எழுதவும், கைபிடித்து வழிகாட்டவும் கூடவே வந்திருக்க வேண்டிய அந்தப் பெயர் தெரியாத மாணாக்கனுக்கு மன்னன் என்ன கொடுத்தான்?

உயர்தரப் பெறுபேறு வெளியாகி, இசட் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் எல்லார் வாயிலும் அடிபடுகின்ற காலம் வந்தால் இந்த ஐயம் எனக்குத் தவறாமல் எழும். "ஐயா, கண் தெரியாத பிள்ளையளுக்குக் கம்பசில படிக்க ஏதும் புலமைப்பரிசில் இருக்குதோ?" என்று கேட்டுவரும் தாய் தகப்பன்மார் ஒரு பக்கம். "ஊரில ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்கலாம் எண்டு யோசிக்கிறம், என்ன வாங்கிக் குடுக்கிறது?" என்று லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தொலைபேசியிற் கேட்கும் உறவினர் மறுபக்கம். இருவருக்கும் நான் சொல்வது ஏறக்குறைய ஒன்றே ஆகையால், அதைச் சற்று விஸ்தாரமாகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

அமெரிக்கா முதலிய தேசங்களிலே கல்லூரிப் புலமைப்பரிசில் என்றால், வீட்டை விற்றாலும் கட்டி முடியாத கட்டணத்தில் ஒரு பகுதி கழிந்துபோவது என்று பொருள். நமக்கோ அந்தக் கவலை இல்லை. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் பெருமுயற்சியினாலே 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் இந்நாட்டிலே கல்வி இலவசமாயிற்று. அந்த ஒரு சட்டத்தினாலே தோட்டக்காரன் மகனும் கடற்றொழிலாளி மகளும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்ததைக் கண்ணாற் கண்ட தலைமுறை நம்முடையது. அதைக் குறைத்துப் பேசுபவன் நன்றி கெட்டவன். ஆனால் இலவசமாய்க் கிடைப்பது விரிவுரை மண்டபத்தில் ஓர் இருக்கை. அந்த இருக்கையில் வந்து அமர்வதற்கும், அமர்ந்த பின் கரும்பலகையில் எழுதப்படுவது யாதென்று அறிவதற்கும், வாசிகசாலையில் அடுக்கியிருக்கும் புத்தகம் காதுக்கோ விரலுக்கோ எட்டும்படி செய்வதற்கும் ஆகும் செலவு இருக்கிறதே, அது எந்தக் கட்டணப் பட்டியலிலும் இல்லாதபடியால், எந்த இலவசத்திலும் அடங்குவதில்லை. பார்வையுள்ள பிள்ளைக்கு அறை வாடகை, சாப்பாடு, போட்டோப் பிரதி என்ற மூன்றோடு செலவு முடிகிறது. பார்வையில்லாத பிள்ளைக்கு அவை மூன்றும் உண்டு. அவற்றின் மேல் கண்ணின் விலை வேறாக உண்டு.

பாடசாலைக் காலத்தில் இந்த விலை பிள்ளைக்குத் தெரிவதில்லை. கைதடியில் பார்வையற்ற பிள்ளைகளும் படிக்கும் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. சுன்னாகத்தில் பார்வையற்ற பிள்ளைகளின் இல்லமாகிய வாழ்வகம் இருக்கிறது. விடுதியும் பிறெயில் நூலும் பழகிய ஆசிரியரும் கைக்கெட்டும் தூரத்திலே அமைந்திருக்க, யுத்தமும் இடப்பெயர்வும் சூழ்ந்த காலங்களிலும் இத்தகைய இல்லங்களில் வளர்ந்து, பட்டம் பெற்று, ஆசிரியரானவர்கள் நம்மிடையே உண்டு. (நவீல்ட் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மொறிஸ் கார் ஞாபகம் வரும். மொறிஸ் கம்பனியை உண்டாக்கிய வில்லியம் மொறிஸ் என்பவர் பிரபுப் பட்டம் பெற்றபோது சூடிக்கொண்ட பெயர்தான் நவீல்ட். மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு நமது ஒழுங்கைகளில் ஓடித் திரிந்த பழைய மொறிஸ் மைனர்களின் மூலபுருஷர் அவர்.) பல்கலைக்கழக வாசலை மிதித்த மறுகணம், பாடசாலைக் காலத்தில் இருந்த அந்தப் பாதுகாப்பு வேலி முழுவதும் விழுந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு நடுவிலே, பிறெயில் அறியாத விரிவுரையாளர்களிடம், அச்சிட்ட நூல்களின் உலகத்திலே பிள்ளை தனியே நிற்கிறது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்கு அண்மையிலே ஓர் அறையில் இருந்து படிக்கிற கலைப்பீட மாணவன் ஒருவனுக்குச் சில பிற்பகல்களில் நான் வாசித்துக் கொடுப்பதுண்டு. அவனிடம் இரண்டு தகடுகளைக் கீலால் இணைத்த ஒரு பிறெயில் சட்டமும், மரப்பிடி போட்ட சிறிய ஊசி ஒன்றும் உண்டு. தடித்த தாளைத் தகடுகளுக்கிடையே செருகி, ஆறு புள்ளிகள் கொண்ட சிறு சிறு ஜன்னல்களுக்குள்ளே ஊசியை அழுத்தி, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியிற் காண்பதுபோலத் திருப்பி எழுதிக்கொண்டு போவான். தாளை மறுபுறம் புரட்டினால், குத்திய இடங்கள் மேடாக எழுந்து, விரலுக்கு இடமிருந்து வலமாக வாசிக்கக் கிடைக்கும். நான் ஒரு வசனம் வாசித்து நிறுத்துவேன், டொக் டொக்கென்று ஊசி ஓடி ஓயும், அடுத்த வசனம். "ஐயா, அந்தப் பந்தியை இன்னொருக்கால் வாசியுங்கோ. கீழ அடிக்குறிப்பு ஏதும் கிடந்தா அதையும் சொல்லுங்கோ" என்பான். அச்சிலே ஒரு பக்கமாய் இருப்பது பிறெயிலில் இரண்டு மூன்று பக்கமாய் வீங்கிவிடும். தாளோ சாதாரணக் கொப்பித் தாளன்று. ஒரு தவணைக் குறிப்புகள் அவனுடைய கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாய் இருக்கின்றன. தேர்வுக் குறிப்புக்கு மட்டும் சட்டத்தை எடுப்பான். மற்றவற்றையெல்லாம் என்னுடைய குரலிலேயே தன் போனில் ஒலிப்பதிவு செய்துகொள்வான். நான் இடையிலே இருமியதும் பதிவிலே இருக்கும். அதைப் பற்றி அவன் குறைசொன்னதில்லை.

கணினி வந்த பிறகும் வாசிக்க ஆள் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். திரையில் உள்ளதைப் பேசிக்காட்டும் மென்பொருள் ஒருகாலத்தில் கொள்ளை விலை. 2006ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர் இருவர், காசு கொடுத்து வாங்க இயலாதவர்களுக்காக என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளைத் தொடங்கி இலவசமாகவே உலகுக்கு வழங்கினார்கள். அது தமிழும் பேசும். இவ்வளவு பெரிய உபகாரம் நமது வாசலில் வந்து எதில் இடறி விழுகிறது தெரியுமா? பாமினியில். நம்மூர்க் காரியாலயங்களிலும் அச்சகங்களிலும் விரிவுரைக் குறிப்புகளிலும் இன்னமும் பெரிதாய்ப் புழங்குகிற அந்த எழுத்துருவிலே, கண்ணுக்குத் தமிழாய்த் தெரிவது கணினியின் வயிற்றுக்குள் ஆங்கில எழுத்தாகவே கிடக்கிறது. 'அம்மா' என்று தட்டெழுதியிருக்கும் இடத்தை அந்த மென்பொருள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வாசிக்கும். அறுபது பக்கக் குறிப்பை இப்படிக் கேட்டுப் படிக்கச் சொல்வது தண்டனை. படம் பிடித்துப் போட்ட பி.டி.எப். என்றாலோ அதுவும் இல்லை; மென்பொருள் மௌனம் சாதிக்கும். ஆகவே அந்த மாணவன் மறுபடியும் ஓர் ஆளைத் தேடுகிறான்.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். லலித் அத்துலத்முதலியினால் 1981இல் ஸ்தாபிக்கப்பட்ட மகாபொல நிதியம், பெறுபேற்றையும் பெற்றோர் வருமானத்தையும் பார்த்துப் பல்கலைக்கழக மாணவருக்கு மாதந்தோறும் உதவுகிறது. அது கிடைக்காதவர்களுக்குப் பர்சரி என்ற உதவித்தொகை உண்டு. நெடுங்காலம் 5,000 ரூபாயில் நின்ற மகாபொல 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆகவும், 4,000 ஆயிருந்த பர்சரி 6,500 ஆகவும் உயர்ந்தன. உயர்ந்தது நல்லதே. ஆனாலும் 7,500 என்பது நாளொன்றுக்கு 250 ரூபாய். அப்போதைய விலையில் ஒருவேளைச் சோற்றுப் பார்சலுக்கே அது மட்டுமட்டாக இருந்தது. பார்வையுள்ளவனுக்கும் அதே 250, பார்வையற்றவனுக்கும் அதே 250 என்பதைச் சமத்துவம் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவன் அதைத் தின்று தீர்க்கலாம். மற்றவன் அதிலேயே வாசிப்பவனுக்கும் ஓட்டோக்காரனுக்கும் பங்கு வைக்கவேண்டும். "மகாபொல விழுந்தால் பத்து நாளைக்குக் காணும் ஐயா, அதுக்குப் பிறகு வாசிக்கிற பெடியனுக்குக் குடுக்க என்னட்டை ஒண்டும் இல்லை" என்று மேலே குறிப்பிட்ட மாணவனே ஒருநாள் சொன்னான்.

குறைந்த வருமானக் குடும்பங்களிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு அதே ஆண்டில் 7,500இலிருந்து 10,000 ரூபாயாக்கப்பட்டது. அது சீவனத்துக்கான உதவி. படிக்கிற பிள்ளை, படிக்காத பிள்ளை என்ற பேதம் அதற்குத் தெரியாது. சட்டங்களைப் பற்றிச் சொன்னால், அவை குறைவின்றி இருக்கின்றன. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கக்குறையைக் காரணங்காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் ஒருவரை மறுக்கலாகாது என்கிறது. 1988இல் வந்த 27ஆம் இலக்கச் சுற்றறிக்கை அரச உத்தியோகங்களில் நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்குகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்துக்கும் 2016இல் நமது நாடு ஏற்பிசைவு அளித்துவிட்டது. சட்டப் புத்தகத்தை யாரேனும் வாசித்துக் காட்டினால் அந்தப் பிள்ளை மிகவும் சந்தோஷப்படும்.

மகாபொல நிதியத்தின் வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அபிவிருத்தி லொத்தர் சபையின் பணத்தில் ஒரு பங்கு அந்த நிதியத்துக்குப் போகிறது. யாழ்ப்பாண நகரத்தில், பஸ் நிலையத்தைச் சுற்றியோ கோயில் வாசல்களிலோ, வெயிலிலே நின்று லொத்தர்ச் சீட்டு விற்பவர்களைப் பாருங்கள். ஊன்றுகோலோடு நிற்பவரும் வெள்ளைப் பிரம்போடு நிற்பவரும் அவர்களிடையே உண்டு. இந்த நாட்டிலே ஒரு தலைமுறை மாணவருடைய புலமைப்பரிசிலுக்கு, படிக்க வழியில்லாமற்போன இவர்களும் சீட்டுச் சீட்டாய்ப் பணம் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மகாபொல வாங்கிப் படித்த நம்மிற் பலர் நினைத்ததும் இல்லை.

பிற தேசங்கள் இதை எப்படிச் செய்கின்றன? நமது சொந்தக்காரர் ஆயிரக்கணக்கில் வாழும் பிரித்தானியாவிலே, அந்நாட்டு மாணவர்களுக்கு 'ஊனமுற்ற மாணவர் கொடுப்பனவு' என்று ஒன்று இருக்கிறது. படிப்புக் கடனிலிருந்து அது முற்றிலும் வேறு. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. தகப்பன் கடைவைத்திருக்கிறாரா, பஸ் ஓட்டுகிறாரா என்றும் கேட்பதில்லை. குறைபாட்டினாலே என்ன மேலதிகச் செலவு வருகிறது என்பதொன்றையே கணக்கிட்டு, கணினிக்கும் மென்பொருளுக்கும் குறிப்பெடுத்துக் கொடுப்பவருக்கும் பிரயாணத்துக்கும் கொடுக்கிறார்கள். 2024-25 கல்வியாண்டில் இங்கிலாந்தில் அதன் உச்சவரம்பு 26,948 பவுணாக இருந்தது. கனடாவிலும் சேவைகளுக்கும் உபகரணங்களுக்குமென்றே ஆண்டுக்கு 20,000 டொலர் வரை மானியம் உண்டு. அவர்கள் பணக்காரர், நாங்கள் ஏழைகள் என்று சொல்லித் தப்பிக்கொள்ள முடியாதபடி, பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாடு இருக்கிறது. அங்கே மாற்றுத்திறனாளி மாணவருக்குரிய கல்வி உதவித்தொகையோடு, பார்வையற்றோருக்கு வாசிப்பாளர் உதவித்தொகை என்று தனியே ஒன்றை அரசாங்கம் வைத்திருக்கிறது. தொகை பெரிதன்று. ஆயினும் வாசிப்பவன் ஒருவன் வேண்டும், அவனுக்கும் வயிறு உண்டு என்பதை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டு கணக்கில் எழுதியிருக்கிறது பாருங்கள், அது பெரிது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் நூற்றுக்கு ஐந்து இடங்களையும் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கச் சொல்கிறது.

இதையெல்லாம்விட எனக்குப் பிரியமான உதாரணம் எகிப்து தேசத்துத் தாஹா ஹுசைன். நைல் நதியோரத்து ஓர் ஏழைக் குடும்பத்திலே 1889இற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே, ஊர்வைத்தியத்தின் கைவரிசையினாலே கண்ணிழந்த அவர், குர்ஆனை மனனம் செய்து, அல்-அஸ்ஹரில் ஓதி, புதிய எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் 1914இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அந்தப் பல்கலைக்கழகத்தின் செலவிலேயே பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். புலமைப்பரிசில் அவரைக் கப்பலேற்றிற்று. ஆனால் பிரெஞ்சு நூல்களையும் இலத்தீன் நூல்களையும் அவருக்கு வாசித்துக் காட்டியது சுசான் என்ற பெண்ணின் குரல். வாசிக்க வந்தவள் பின்பு மனைவியானாள். 1918இலே இப்னு கல்தூனைப் பற்றி எழுதிய ஆராய்ச்சிக்குச் சோர்பொன் பல்கலைக்கழகம் அவருக்கு இரண்டாம் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அதே மனிதர் 1950இல் கல்வி மந்திரியாகி, நீரையும் காற்றையும் போலக் கல்வியும் யாவர்க்கும் உரியது என்று பிரகடனஞ்செய்து, இடைநிலைக் கல்வியை இலவசமாக்கினார். சுசான் இல்லாவிட்டால் எகிப்தின் புலமைப்பரிசில் ஒரு கப்பல் சீட்டோடு முடிந்திருக்கும் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

நமது ஊரில் தர்மசிந்தைக்குக் குறைவில்லை. கோபுரத்துக்குக் கொடுக்கிறவன் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தே வந்திருக்கிறான். கொடுக்கிற முறைதான் எனக்கு மனத்தாங்கல். வெளிநாட்டுப் பணத்தில் இயங்குகிற ஒரு சங்கத்தார், பெயர் வேண்டாம், சில வருடங்களுக்கு முன் ஒரு மண்டபத்திலே விழா எடுத்து, மங்கல விளக்கேற்றி, பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒவ்வொருவராய்ப் பேசி முடித்துக் கடைசியில் பார்வையற்ற மாணவர்களுக்கு ஆளுக்கொரு டப்லெட் வழங்கினார்கள். புகைப்படத்துக்காக அந்தப் பிள்ளைகளை இன்ன பக்கம் பாருங்கள் என்று ஒருவர் சத்தம் போட்டதும் என் காதில் விழுந்தது. தொடுதிரையைப் பேசவைக்கும் வசதி அந்தக் கருவியில் இருந்தது. அதை இயக்கிக் காட்ட ஓர் ஆள் இருக்கவில்லை. அந்த விழாச் செலவை மட்டும் எடுத்து வைத்திருந்தால், ஒரு மாணவனுக்கு ஒரு வருடம் ஒரு வாசிப்பாளனை வைத்துக் கொடுத்திருக்கலாம். யானை கொடுப்பதில் நமக்கு இன்னும் ஆசை தீரவில்லை.

கேட்டு வருகிற பெற்றோருக்கு நான் சொல்லும் காரியங்கள் இவை. பரீட்சையிலே கேள்வியை வாசித்துச் சொல்லி விடையை எழுதித் தரும் ஒருவரும் மேலதிக நேரமும் வேண்டுமானால், பரீட்சைகள் திணைக்களத்துக்கு முன்கூட்டியே பாடசாலை மூலம் விண்ணப்பிக்க வேண்டும். கடைசிக் கிழமையில் ஓடித் திரிந்து பயனில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைநூலிலே விசேட ஏற்பாடுகளைப் பற்றிய பகுதியைத் தேடி வாசியுங்கள். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்கிற பிள்ளைக்கு அந்த வழி திறந்திருக்கலாம். வைத்தியச் சான்றிதழைப் பல பிரதிகள் எடுத்து வையுங்கள். கிராம சேவகரிடமும், பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பிள்ளையின் பெயர் பதிவில் இருக்கிறதா என்று நேரிற் போய்ப் பாருங்கள். பெயர் இல்லாத இடத்துக்கு எந்தக் கொடுப்பனவும் வராது. கண் தெரியாத பிள்ளை என்றால் கலைப்பிரிவுதான் என்று முன்னதாகவே முடிவுகட்டும் வழக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. அதை வேறொரு பதிவில் எழுதுகிறேன்.

பணம் கொடுக்க விரும்பும் உறவினருக்கு: சாமான் வாங்கி அனுப்பாதீர்கள். ஒரு மாணவனுக்கு நான்கு ஆண்டுக்கும், மாதம் தவறாமல், வாசிப்பவருக்குரிய சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். வாசிக்க வருபவரும் பெரும்பாலும் அதே பல்கலைக்கழகத்து ஏழை மாணவராகவோ மாணவியாகவோ இருப்பார். ஒரு பணத்தில் இரண்டு பிள்ளைகள் படித்துவிடுவார்கள். விரிவுரையாளர்களுக்கும் நூலாசிரியர்களுக்கும்: உங்கள் குறிப்பையும் நூலையும் பாமினியிலிருந்து யுனிக்கோட்டுக்கு மாற்றி, மென்பிரதியாகக் கேட்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். பதிப்புரிமை என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பார்வையற்றோர் வாசிப்பதற்காகப் பிரதி செய்வதைத் தடுக்கலாகாது என்பதற்கென்றே 2013இல் மராக்கேஷ் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உண்டாயிற்று, இலங்கையும் 2016இல் அதில் இணைந்துகொண்டது.

பணமும் இல்லை, நூலும் எழுதவில்லை, ஓய்வூதியமும் ஓய்ந்த பொழுதும்தான் இருக்கின்றன என்பவர்கள் என்னைப்போற் பலர் இவ்வூரில் உண்டு. கிழமையில் ஒரு பிற்பகல் திருநெல்வேலிப் பக்கம் வாருங்கள். மூக்குக் கண்ணாடியை மறவாமல் எடுத்து வாருங்கள்.